அனைவருக்கும் நீக்கு

முப்பத்தெட்டு நொடி வீடியோ.
காய்ந்த மணலில் நுரை தள்ளிக்கொண்டு
பழுப்பாய் ஒரு நாக்கு நீள்கிறது.
அதன் முனையில் சருகு, ஒற்றைச் செருப்பு, உடைந்த தெர்மாகோல்.
பின்னணியில் மேளம்.
ஆவணி மூணாந்தேதி, இரவு ஒன்பதே கால்,
ஷார்ஜாவிலிருந்து மாமன் மகன் அனுப்பினான்:
'உங்க ஊருக்குத் தண்ணி வந்துடுச்சாமே.'

எங்கள் மதகு
என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.
போய்ப் பார்த்திருக்கலாம்.
வண்டியில் பெட்ரோல்கூட இருந்தது.

'கடைமடை உழவர்' குழுவுக்கு நான்தான் அட்மின்.
இருநூற்றுப் பதினாலு பேர்.
கட்டைவிரல் ஒருமுறை தொட்டது, அவ்வளவுதான்.
கைகூப்பு, கைகூப்பு, பச்சை இதயம்,
அணைக்கணக்கு தெரிந்த நாலு பேரின் நாலு கணக்கு,
நடுவில் யாருக்கோ பிறந்தநாள்.
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது,
ஏதோ நானே ஷட்டரைத் தூக்கிவிட்ட மாதிரி.

தையல்நாயகி எதுவும் போடவில்லை.
எப்போதும் போடமாட்டாள்.
பார்த்ததற்கு நீல டிக், அதோடு சரி.
ஆறு மா குத்தகை, நகையை வைத்து வாங்கிய விதை.
அன்று ராத்திரியே
ரெண்டு மூட்டை பொன்மணியை
அண்டாவில் கொட்டி ஊறப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் தண்ணீர் வரவில்லை.
மேலே முறை வைத்திருப்பான் என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை, டீக்கடையில்
லஸ்கர் வேதரத்தினம் என் போனை வாங்கிக்
காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.
'சாவியோட நிக்கிறது நான்.
இந்த நீலச் சட்டையைக் கிழிச்சு
சைக்கிள் துடைச்சே ரெண்டு வருஷமாச்சு.
மேளத்துக்கு அடியில
வந்துடுச்சு வந்துடுச்சுன்னு கத்தறானே,
அது யாருன்னு தெரியுதா?'

தெரியவில்லை.
மறுபடி வைத்தார்.
தெரிந்தது.

நான் எடுத்தது. என் குரல்.
மூன்று வருஷமாக எங்கெங்கோ அலைந்து,
யாரோ நறுக்கி, யாரோ தேதியை உதிர்த்து,
யாரோ மேளம் கட்டி, கடல் தாண்டிப் போய்,
சொந்தக்காரன் போல என் வாசலில் வந்து நின்றிருக்கிறது.
உள்ளே வா என்று
ஊரையே கூட்டி உட்காரவைத்தேன்.

அனைவருக்கும் நீக்கு.
அழுத்தினேன். நீங்கியது.
செய்தி இருந்த இடத்தில்
செய்தி இருந்தது என்று மட்டும்
சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

தையல்நாயகி வீட்டில்
நெல்லை வடித்துச் சாக்கில் கட்டி
வைக்கோல் போட்டு மூடியிருந்தது.
கை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
உள்ளே மூக்கு விடத் தொடங்கியிருக்கும்.
சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
சாக்கின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தவள்,
'போர்செட்டுக்கு மணிக்கு எவ்வளவு கேப்பாங்க?' என்றாள்.
எங்கள் பக்கம் எங்கே குழாய் இறக்கினாலும் உப்பு.
அவளுக்குத் தெரியாததில்லை.

ஆறாம் நாள் வாத்துக்காரன் வந்தான்.
வேர் பின்னிப் பாய்போல் புளித்துக் கிடந்ததை
அவன் பட்டிக்குக் கொட்டினாள்.
நான் கொண்டுபோன ரெண்டு மூட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை.
பிள்ளையின் கணக்கு நோட்டில்
என் பெயரெழுதிக் கடன் என்று குறித்துக்கொண்டாள்.

பதினோராம் நாள், ராத்திரி ரெண்டு மணிக்கு
அது வந்தது.
சத்தமில்லை. ஈரமணல் வாசனைதான் முதலில்.
நானும் வேதரத்தினமும் மட்டும்.
போனை எடுத்தேன். கை பழகிவிட்டது.
கோர்ட்டில் சாட்சி சொல்கிறவனைப் போல
தேதி, கிழமை, வருஷம், மதகின் பெயர்,
என் பெயர், அப்பா பெயர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான்
தண்ணீரைக் காட்டினேன்.

'இது எந்த வருஷத்துது?'
'அட்மின் அண்ணே, தூங்குங்க.'
கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி ஒன்பது.

மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்றரை இருக்கும்,
எதிர்க்கரையில் ஒரு டார்ச் இறங்கியது.
'யாரது?' என்றார் வேதரத்தினம்.
பதிலில்லை.
தண்ணீரில் கால் வைக்கும் சத்தம்,
பிறகு இன்னொரு கால்.
வெளிச்சம் கொஞ்சநேரம்
ஓடும் நீர்மேலேயே நின்றிருந்தது.
அப்புறம் மெல்ல உயர்ந்து
என் முகத்துக்கு வந்தது.